தூங்கக் கூடாத இடம்

அந்த மெயிலைக் கல்பனா அக்கா ஒரு தடவை வாய்க்குள்ளேயே படித்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, "சார், கொஞ்சம் இங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

புருஷோத்தமன் சார் டீ கிளாஸோடு வந்தார். எங்கள் கம்பெனி அவருடையது.

"இன்னா சொல்றாங்க?"

"அடுத்த வெர்ஷன்ல நம்ம ஃபோல்டரத் தூக்கிடுவாங்களாம் சார். ரொம்ப நாளா யாரும் சுத்தம் பண்ணலயாம். அந்த சிப்ப நெஜமா யாராவது யூஸ் பண்றாங்களான்னே தெரியலயாம்."

சார் டீயை ஒரு மடக்கு குடித்தார். "தூக்கிட்டா?"

"தூக்கிட்டா ஒவ்வொரு வெர்ஷனுக்கும் நாமளே ஒட்டுப்போட்டுக்கினு இருக்கணும்."

"அது நம்மால ஆவாதும்மா. புனேல ரெடிமேட் பெட்டி விக்கிறான். வாங்கி நம்ம ஸ்டிக்கர ஒட்டி வித்துக்கினு போலாம். அப்ப இந்த டேபிளே வேணாம்."

அந்த டேபிளில் இரண்டே பேர்தான். நடுவில் கல்பனா அக்கா, ஓரத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டு நான். அக்கா இன்ஜினியரிங் படித்தவள், அவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிடும். எனக்குச் சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரிதான் இருந்தது. அங்கே சீசனில் அம்மாவோடு நின்று பழம் கழுவியிருக்கிறேன். அதைக் கேவலமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்த டேபிளுக்கு வந்த பிறகு எனக்கு அங்கே திரும்பிப் போக மனமில்லை.

எங்கள் கம்பெனி திருப்பதியில், கரகம்பாடி ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. பால் சென்டர்களுக்குப் பெட்டி செய்கிறோம். பாலை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தால் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று காட்டும். பக்கத்தில் தராசு எடை காட்டும். பெட்டிக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், அதை ஓட்டுவது லினக்ஸ், உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி இலவசமாகத் தருகிற மென்பொருள். லினக்ஸின் அடிவேர் கெர்னல். கெர்னலுக்கு ஒவ்வொரு சிப்போடும் எப்படிப் பேசுவது என்று சொல்லித் தருகிற புரோகிராம் கோடுக்கு டிரைவர் என்று பெயர். எங்கள் பெட்டியில் பாலையும் எடையையும் படிப்பது ஒரே சிப்தான். அதன் டிரைவரை எந்த நாட்டிலோ யாரோ அவசரத்தில் எழுதிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது வேலை செய்யும். ஆனால் பார்க்க அலங்கோலமாக இருக்கும். அப்படிப்பட்ட டிரைவர்களை வைக்கக் கெர்னலில் வெளியறை மாதிரி ஒரு ஃபோல்டர் உண்டு. சுத்தம் செய்தால் உள்ளே சேர்ப்பார்கள். யாரும் தொடாமல் கிடந்தால் ஒருநாள் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். எங்களுடையதற்கு அந்த நாள் வந்திருந்தது.

நான் சித்தூர் பக்கம் பாலசமுத்திரத்துப் பெண். இன்டர் முதல் வருஷத்தோடு, அதாவது பதினொன்றாவதோடு, நின்றுவிட்டேன். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை. வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரிந்திருக்கும், வாய்தான் திறக்காது. நின்றுகொண்டே இருப்பேன். பின்பெஞ்சில் சிரிப்பார்கள். ஒருநாள் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. என் அப்பா, நைனா, கேட்டுப் பார்த்தார். அவருக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சித்தி மகள் இந்தக் கம்பெனியில் பேக்கிங் வேலையில் இருந்தாள், அவள்தான் என்னைக் கூட்டி வந்து சேர்த்து, தங்க ஒரு ஹாஸ்டலும் பார்த்துக் கொடுத்தாள்.

பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது என் வேலை. கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தாலும் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுவேன். போர்டுக்கு சால்டரிங் வைக்கிற ரகு அண்ணன் அதைப் பார்த்துச் சிரிப்பார். "ஏ பொண்ணே, பால் ஊத்தறவன் லேபிளப் பாத்தா ஊத்தறான்?"

அதைக் கேட்டுக்கொண்டிருந்த கல்பனா அக்கா, மெயில் வந்ததற்கு மறுநாள், "சார், இந்தப் பொண்ண எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாசம். கம்ப்யூட்டர் முன்னால் அதிக நேரம் உட்கார முடியாது.

"கோடு இன்னா செய்யுதுன்னு நீ பாக்க வேணாம். எப்பிடி நிக்குதுன்னு மட்டும் பாரு" என்றாள்.

கெர்னல்காரர்களிடம் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. ஃபைலைக் கொடுத்தால் வரிவரியாகக் குற்றம் சொல்லும். இங்கே டேப் வரவேண்டிய இடத்தில் ஸ்பேஸ் இருக்கிறது. இந்த வரி நீளம். இந்த அடைப்பு தப்பான வரியில் இருக்கிறது. இந்தக் குறிப்பு கண்டபடி எழுதியிருக்கிறது. எங்கள் ஃபைலைக் கொடுத்தபோது திரை நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு கோணல் லேபிள்கள்!

ரகு அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா பண்ணிக்கினு கீற?"

"ஸ்பேஸ எடுத்துட்டு டேப் போடறேன் ண்ணா."

"ரெண்டும் காலியாத்தானே கீது?"

"ஆமா."

"காலிய எடுத்துட்டு காலிய வெக்கிறதுக்கு ஒரு சம்பளம். எனக்கும் இப்பிடி ஒண்ணு பாத்துக் குடு கல்பனா."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த அறையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

செய்த திருத்தத்தை பேட்ச் என்பார்கள். அதை ஒரு மெயிலாக எல்லாரும் பார்க்கிற பொதுப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர் கடைசியில் தன் சொந்தப் பெயரைப் போட்டாக வேண்டும். புனைபெயர் ஆகாது. "உங்க பேர்ல போவட்டும் க்கா" என்றேன். "செஞ்சது நீ, பேரு என்னுதா? அது திருட்டு" என்று சொல்லி அவளே டைப் அடித்தாள். தேவசேனா மணிவேல். நைனாவின் பெயரைத் திரையில் ஆங்கிலத்தில் பார்த்தபோது யாரோ என்னை வகுப்பில் எழுப்பி நிறுத்தியது போலத்தான் இருந்தது.

ஐனோ என்பவர் பதில் எழுதினார். எந்த ஊர் என்று தெரியாது. ஆணா பெண்ணா என்றும் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் ஃபோல்டர் இருந்த வெளியறையைக் கவனித்துக்கொள்கிறவர், தூக்கிவிடுவோம் என்று எழுதியிருந்தவரும் அவர்தான். முதல் வரியில் நன்றி என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில், ஒரே பேட்சில் இரண்டு வேலை செய்திருக்கிறீர்கள், ஒரு பேட்சுக்கு ஒரு வேலைதான், பிரித்து மறுபடி அனுப்புங்கள் என்று இருந்தது. திட்டவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. தப்பு என்று சொன்ன பிறகும் மறுபடி அனுப்பு என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவர். பிரித்து அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எனக்கு அந்த வேலை பழகிவிட்டது. யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் அனுப்பிய பழைய பேட்ச்களைப் படித்துப் படித்து அவர்கள் ஆங்கிலத்தைப் பழகினேன். சின்னச் சின்ன வாக்கியங்கள்தான். நீக்கு, மாற்று, நேராக்கு. குற்றப்பட்டியல் மெல்ல மெல்லச் சுருங்கியது. அக்கா பிரசவத்துக்கு சித்தூரில் அம்மா வீட்டுக்குப் போகும்போது, "இன்னும் கொஞ்சந்தான் கீது, நீயே முடிச்சுடுவ" என்றாள்.

மிச்சமிருந்ததில் ஒன்று காத்திருப்பு பற்றியது.

சிப்புக்கு ஒரு கட்டளை கொடுத்தால் பதில் சொல்ல அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். கண் இமைப்பதைவிடக் குறைவு, ஆனாலும் கெர்னல் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வேறு எந்த வேலையும் செய்யாமல் நின்றபடியே காத்திருப்பது. மற்றது, அப்புறம் எழுப்பு என்று சொல்லிவிட்டுத் தூங்குவது. தூங்குகிற நேரத்தில் மற்ற வேலைகள் நடக்கும். எங்கள் டிரைவரில் ஓரிடத்தில் நின்று காத்திருக்கும்படி எழுதியிருந்தது. நிற்பதைவிடத் தூங்குவது நல்லது என்று ஸ்கிரிப்ட் சொன்னது. இவ்வளவு நாளாக அது சொன்ன எதுவும் தப்பாக இருந்ததில்லை. டேபைப் போலவே இதையும் மாற்றினேன். சார் பெஞ்சில் பெட்டியை வைத்துப் பால் ஊற்றிப் பார்த்தார், சரியாகக் காட்டியது. அதையும் ஐனோ எடுத்துக்கொண்டார்.

அதற்கடுத்த வாரம், புதுக் கோடு போட்ட ஒரு பெட்டியை சார் பலமனேர் சென்டரில் வைக்கச் சொன்னார். இரண்டாம் நாள் காலையில் நாங்கள் ஆபீஸ் திறப்பதற்குள் அங்கிருந்து ஃபோன் வந்துவிட்டது. சென்டரைப் பார்த்துக்கொள்கிற பாலையா பேசினார். சார் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏமி சார் இது? உங்க பெட்டி செத்துப்பூச்சு. கொழுப்புல பாதி நம்பர் வந்துச்சு, அப்பிடியே நின்னுபூச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பொழைக்குது, கொஞ்ச நேரத்துல மறுபடி சாவுது. ஜனம் என்னத் துன்னுது சார்!"

"பாலையா, நீ எப்பிடி யூஸ் பண்ற?"

"எப்பிடின்னா? இதுல கிண்ணத்த வெப்பேன். அது பாத்துக்கினு இருக்கறப்பவே அடுத்தவங்க கேனத் தூக்கித் தராசுல வெச்சுடுவேன்."

சாரின் முகம் தெளிந்தது. "அதான்! புத்தகத்துல இன்னா எழுதிக் கீது? ஒண்ண முடிச்சுட்டு அடுத்தது. நீ ரெண்டையும் ஒண்ணா வெச்சா அது இன்னா பண்ணும்?"

"சார், நீங்க ஒருநாள் வந்து இங்க நில்லுங்க. ஒண்ணு முடியட்டும், ஒண்ணு முடியட்டும்னு நான் நின்னுக்கினு இருந்தா, கடைசி ஆளு கொண்டாந்தது தயிராப் பூடும். பழைய பெட்டி ரெண்டையும் ஒண்ணாத்தான் பாத்துச்சு. ஒரு நாளும் சாவல."

பழைய பெட்டி சாகவில்லை. புதிதாக மாறியது என் பேட்ச்கள் மட்டும்தான். அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

பெட்டி நிற்கும்போது அதற்குள் என்ன எழுதிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கிற வழி உண்டு. ரகு அண்ணன் பாலையாவுக்கு ஃபோனிலேயே வழி சொல்லி, பெட்டியைத் திறக்க வைத்து, திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். போட்டோவில் நிறைய வரிகள். தூங்கக் கூடாத இடத்தில் தூங்கிவிட்டது என்று முதல் வரி சொன்னது. அதற்குக் கீழே எங்கள் டிரைவரின் பெயர். அதற்கும் கீழே நான் மாற்றிய இடம்.

"பலமனேர் போயி பெட்டிய மாத்தணும். நீயும் வா" என்றார் ரகு அண்ணன். "போற வழியில கல்பனாவப் பாத்துட்டுப் போலாம்."

பஸ் முழுக்க மொட்டைத் தலைகள், சந்தன வாசனை. ஊருக்குத் திரும்புகிறவர்களின் மடியில் லட்டுப் பைகள். வழியெல்லாம் நான் அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டு வந்தேன். "அந்த மிஷினு செத்தா இன்னொண்ணு வெக்கலாம், நீ செத்தாமாரி உக்காராத" என்று ரகு அண்ணன் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார்.

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் கல்பனா அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குழந்தை, சிவப்பாக, உள்ளங்கை அளவு முகம். அக்கா போட்டோவை ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு என் லேப்டாப்பில் கோடைத் திறந்து நான் மாற்றிய வரிக்கு மேலே போய்ப் போய் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இங்க பாரு, பூட்டு."

நான் பார்த்தேன். என் வரிக்கு வெகு மேலே, ஒரே திரையில் சேர்ந்து தெரியாத தூரத்தில், அந்தப் பூட்டு வரி இருந்தது.

"சிப்புகிட்ட ஒரே நேரத்துல ரெண்டு பேர் பேசக் கூடாதுன்னு போட்ட பூட்டு. கொழுப்பப் படிக்கிறவன் பூட்டிக்கினு உள்ள போறான். எடை படிக்கிறவன் வெளிய நிக்கிறான். உங்க ஹாஸ்டல்ல காலையில ஒருத்தி பாத்ரூம்ல தாப்பா போட்டுக்கினு உள்ளயே தூங்கிட்டா இன்னா ஆவும்?"

"வெளிய எல்லாரும் பக்கெட்டோட நிப்பாங்க."

"இங்க நிக்கிறவன் சும்மா நிக்க மாட்டான். கதவயே பாத்துக்கினு, வேற யாரையும் வேலை செய்ய வுடாம நிப்பான். உள்ள கீறவன எழுப்பக்கூட ஆளிருக்காது. அதான் பெட்டி செத்துப்போவுது. பூட்டு போட்ட எடத்துல நின்னுதான் காத்திருக்கணும், தூங்கக் கூடாது. பெஞ்சுல சார் ஒவ்வொண்ணா வெச்சாரு, வெளிய யாரும் நிக்கல. அதனால தெரியல."

"ஸ்கிரிப்ட் சொல்லுச்சு க்கா."

"ஸ்கிரிப்டுக்குப் பூட்டு தெரியாது. நானும் எப்பிடி நிக்குதுன்னு மட்டும் பாருன்னு உங்கிட்ட சொன்னேன்ல? அது தப்பு. இது நிக்கிற விஷயம் இல்ல, செய்யிற விஷயம்." குழந்தை முனகியது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ஐனோவுக்கு எழுது" என்றாள்.

அங்கிருந்தே சாருக்கு ஃபோன் செய்தோம். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

"பாரும்மா. நம்ம பெட்டியில பழைய வரியப் போட்டுக்கோ. வேலை முடிஞ்சுது. அங்க எதுக்கு எழுதணும்? அவங்க ஏற்கெனவே தூக்கறதா கீறாங்க. நாங்கதான் கெடுத்தோம்னு நாமளே போயி சொன்னா, சுத்தம் பண்ணவும் தெரியாதவங்கன்னு இன்னைக்கே தூக்குவாங்க. அப்பறம் டேபிளும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கல்பனா அக்கா ஃபோனை என்னிடம் நீட்டினாள். நான்தான் பேச வேண்டும் என்று விட்டுவிட்டாள். என் கண்முன் இருந்தது ஒரே காட்சிதான். என் வரி அடுத்த வெர்ஷனில் போகும். அந்த சிப் வேறு எங்கேயோ, நாங்கள் பார்த்தே இராத ஊரில், இன்னொரு பெட்டியில் இருக்கும். அங்கேயும் ஒரு பாலையா வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு, என்ன ஆயிற்று என்று தெரியாமல் ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டிருப்பார். தன் பெட்டியை யார் கெடுத்தது என்றே அவருக்குத் தெரியாது.

"சார்," என்றேன். "பாலையா அண்ணன் மேல தப்பு இல்ல சார். என் பேருல போனது சார். நானே எழுதறேன்."

அந்தப் பக்கம் சார் டீ கிளாஸை டேபிளில் வைக்கிற சத்தம் கேட்டது.

"எழுது," என்றார் சார். "ஆனா தூக்கிட்டாங்கன்னா, அப்பறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

மொகிலி மலைப்பாதை ஏறி பலமனேர் சேர்ந்தபோது சாயங்காலப் பால் வந்துகொண்டிருந்தது. பாலையா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் துண்டோடு நின்றார். தக்காளி லோடு ஏற்றுகிற லாரிகளுக்குப் பின்னால் சென்டர். கேன்களோடு வரிசை ரோடு வரைக்கும் நின்றது.

"இந்தப் பாப்பாதான் என் பெட்டியக் கொன்னுதா?" என்று ரகு அண்ணனிடம் கேட்டார்.

"இதேதான்."

"சின்னதா கீது. நான் பெரிய ஆளுன்னு நெனச்சேன்."

நின்று காத்திருக்கிற பழைய வரியை அதே இடத்தில் திரும்பப் போட்டு, அதற்கு மேலே ஒரு குறிப்பும் எழுதினேன். பூட்டு இருக்கிறது, இங்கே தூங்க வேண்டாம். பெட்டியில் ஏற்றினோம். பாலையா கிண்ணத்தை வைத்தார், அது படிக்கும்போதே அடுத்த கேனைத் தராசில் வைத்தார். பெட்டி நிற்கவில்லை. மறுபடி வைத்தார். சந்தேகம் தீராமல் வேகமாக வைத்தார். எங்கள் இருவர் மேலும் கோபத்தோடு வைப்பது போல வைத்தார். வரிசை கரையும்வரை பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கடைசி கேன் போனதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொழச்சுது" என்றார்.

நான் அவரிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கெர்னலில் ஒரு வழக்கம் இருக்கிறது. பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பெயரையும், சரி செய்ததைச் சோதித்துப் பார்த்தவர் பெயரையும் பேட்சின் கீழே எழுதுவார்கள். அது என்றைக்கும் அழியாது. இங்கே அந்த இரண்டும் அவர்தான்.

"அண்ணா, உங்க பேரப் போட்டுக்கட்டுமா?"

"எதுல?"

"நீங்கதான் சொன்னீங்க, நீங்கதான் டெஸ்ட் பண்ணீங்கன்னு."

"போலீஸ் கேஸு ஏதாச்சும் ஆவுமா?"

"ஆவாது ண்ணா. உலகத்துல எல்லாரும் பாப்பாங்க, அவ்ளோதான்."

"அவ்ளோதானா!" என்று ரகு அண்ணனைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். "போடறதுன்னா முழுசாப் போடு. ஜி. பாலையா. ஜி எங்க நாயன கங்கையா. அது வுட்டுப்போவக் கூடாது."

மெயில் முகவரியும் வேண்டும் என்றேன். ஏதோ சர்க்கார் காரியத்துக்காக அவர் மகள் திறந்துகொடுத்தது ஒன்று இருந்தது. மகளுக்கு ஃபோன் செய்து ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டார். வரிசையில் கடைசியாக வந்து, வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றிருந்த இரண்டு பெண்களும் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள்.

அங்கேயே, பால் கேன்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எழுதினேன். இதுவரை எழுதிய பேட்ச்களில் நீக்கு, மாற்று என்று எழுதினால் போதும். இதில் நான் என்று எழுத வேண்டியிருந்தது. நான் அனுப்பிய பேட்ச் தவறு. பூட்டு போட்ட இடத்தில் தூங்க வைத்துவிட்டேன். பலமனேர் என்ற ஊரில் ஒரு பால் சென்டரில், ஒருவரின் பாலைச் சோதிக்கும்போதே அடுத்தவரின் பாலை எடைபோடுவார்கள். அப்போது பெட்டி நின்றுவிடுகிறது. சரி செய்தது கீழே இருக்கிறது. கண்டுபிடித்தவர் ஜி. பாலையா. சோதித்தவர் ஜி. பாலையா. அனுப்பு பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்பெஞ்சு இல்லை. பாலையாதான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா, சிக்னல் இல்லியா?" என்றார். அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் திருப்பதியில் டேபிளில் உட்கார்ந்திருக்கும்போது பதில் வந்தது. சாரும் ரகு அண்ணனும் என் பின்னால் வந்து நின்றார்கள். நான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

ஐனோ எழுதியிருந்தார். இதைச் சொன்னதற்கு நன்றி. ஸ்கிரிப்ட் சொன்னதை நீங்கள் நம்பினீர்கள், உங்கள் பேட்சை நான் நம்பினேன். பூட்டைப் பார்க்க வேண்டியது என் வேலை, நானும் பார்க்கவில்லை. திருத்தத்தை எடுத்துக்கொண்டேன். அடுத்து எழுதியிருந்ததை நான் இரண்டு தடவை படித்தேன்.

இந்த ஃபோல்டரை நீக்க நினைத்தது அது அழுக்காக இருந்ததால் அல்ல. இந்த சிப் உலகத்தில் எங்காவது ஓடுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதங்களாக வந்த பேட்ச்கள் ஸ்பேஸும் டேபும்தான், அவற்றை சிப் இல்லாதவர்களும் அனுப்பலாம். இது முடங்குகிறது என்று சொல்ல மட்டும் கையில் சிப் இருக்க வேண்டும். உங்களிடம் அது தினமும் ஓடுகிறது, கெட்டால் சொல்கிற திரு. பாலையாவும் இருக்கிறார். ஆகவே நீக்கவில்லை. பராமரிப்பவர் என்று உங்கள் பெயரைச் சேர்க்க உங்களுக்குச் சம்மதமா?

ரகு அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "காலிய எடுத்துட்டு காலிய வெச்சதெல்லாம் வேஸ்டு. நீ தப்பு பண்ணதுதான் காப்பாத்திச்சு."

"வேஸ்டு இல்ல ண்ணா," என்றேன். "அது இல்லன்னா அந்த அலங்கோலத்துல பூட்டு எங்க கீதுன்னே தெரிஞ்சிருக்காது."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாலையாவுக்கு நான் ஃபோன் பண்றேன். அந்தப் புத்தகத்துல ஒண்ண முடிச்சுட்டு அடுத்ததுன்னு போட்டுக் கீதே, அத மொதல்ல எடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் போனார். புனே பெட்டியைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை. வீட்டுக்குச் சொன்னபோது நைனா, "உன் பேருக்குப் பக்கத்துல என் பேரும் வருதா?" என்று மட்டும் கேட்டார். வருகிறது என்றேன்.

ஐனோவுக்குச் சம்மதம் என்று எழுதினேன். அதற்கு மேல் நிறைய எழுத நினைத்தேன். அந்தப் பட்டியலில் வெறும் நன்றி சொல்லி மெயில் அனுப்புவது வழக்கமில்லை. ஆயிரம் பேர் படிக்கிற இடம், வேலையில்லாத மெயிலால் அவர்கள் நேரம் வீணாகும். அதனால் முதல் தடவை தப்பைச் சொல்லி மறுபடி அனுப்பு என்று சொன்னவருக்கும், ஃபோனை என் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்த கல்பனா அக்காவுக்கும், வேண்டாம் என்று நினைத்தபோதும் எழுது என்று சொன்ன சாருக்கும், வேர்க்கடலைக்கும், அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதிவைக்கிறேன்.

புது வெர்ஷன் வெளிவந்ததும் அதைப் பலமனேர் பெட்டியில் ஏற்ற நானே தனியாகப் போனேன். பாலையாவிடம் லேப்டாப்பில் அவர் பெயரைக் காட்டினேன். ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் ஜி என்ற எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்துத் தெலுங்கில் அறிவித்தார். உலகத்தில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் தன் பெயர் இருக்கிறதாம், தன் அப்பா பெயரோடு. எல்லாக் கம்ப்யூட்டரிலும் இல்லை அண்ணா என்று சொல்ல நினைத்தேன், அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.

வரிசையில் முதல் ஆளாக நின்ற லட்சுமம்மா தராசில் கேனை வைத்துவிட்டு, கிண்ணத்தில் தன் பால் படிக்கப்படுவதை இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"ஒலகம் பூரா இவரு பேரு கீதாம்," என்றார். "என் எருமைக்கு மட்டும் கொழுப்பு கம்மியாத்தான் காட்டுது. அத இன்னான்னு கேளும்மா அவங்கள."